கேள்வியின் கடைசிச் சொல்

தேர்வுக் கேள்வியில் என்ன செய்ய வேண்டும் என்ற சொல் கடைசியில்தான் வரும். "கரிசல் மண்ணில் பருத்தி நன்கு விளைகிறது, காரணம் கூறுக." மாணவனின் கண் பருத்தியிலேயே நின்றுவிடும், கை எழுதத் தொடங்கிவிடும். மண்ணின் நிறம், அது காணப்படும் மாநிலங்கள், எரிமலைக் குழம்பு, பஞ்சாலைகள் என்று பக்கம் நிரம்பும். கேட்ட காரணம் மட்டும் அதில் இருக்காது. அந்த மண் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது ஒரே வரி. மதிப்பெண் அந்த வரிக்குத்தான்.

இது எனக்குத் தெரியாததல்ல. திருத்தணியைச் சுற்றியுள்ள பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் நடத்தியவன் நான். விவரி என்றால் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்ல வேண்டும். விளக்குக என்றால் எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். வேறுபடுத்துக என்றால் இரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டும். மதிப்பிடுக என்றால் நல்லதையும் கெட்டதையும் எடை போட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் இதைப் பற்றி நன்றாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் வகுப்பில் நான் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் மாவட்டக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அதற்காக ஒரு வழி கண்டுபிடித்தேன். தேறமாட்டார்கள் என்று நாங்கள் நினைத்த பிள்ளைகளுக்காக எல்லாப் பள்ளியிலும் 'மினிமம் மெட்டீரியல்' என்று ஒன்று தயாரிப்போம். என்னுடையதில் கேள்வியே கிடையாது, தலைப்பு மட்டும்தான். பருவக்காற்று என்றால் ஏழு குறிப்பு. கரிசல் மண் என்றால் ஆறு. எப்படிக் கேட்டாலும் அதையே எழுத வேண்டும். "கடைசி வார்த்தையைப் பார்த்துக் குழம்பாதீங்க, தலைப்பைப் பாருங்க" என்பது என் வகுப்பில் தினமும் ஒலித்த வாக்கியம். திருத்துகிறவர்களும் எங்களைப் போன்றவர்கள்தானே. பக்கம் நிரம்பியிருந்தால் ஏதாவது போடுவார்கள். பிள்ளைகள் தேறினார்கள். என் குறிப்புகள் நகலெடுக்கப்பட்டு ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு வரை போயின. பணி ஓய்வு விழாவில் அதைச் சொல்லித்தான் எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

நாளடைவில் என் வாயும் அதற்குப் பழகிவிட்டது. கேள்வித்தாளை வகுப்பில் உரக்கப் படிக்கும்போது கடைசிச் சொல்லை விட்டுவிடுவேன். விடுகிறேன் என்று எனக்கே தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு, சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, துணைத்தேர்வு நடந்துகொண்டிருந்த நாள் அது. ஊரில் ஆடிக் கிருத்திகைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் போன் செய்தார். தேர்வு மையம் ஒன்றுக்கு அவர் பொறுப்பாளர். கண் தெரியாத பெண்மணி ஒருவர் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் எழுத வருகிறார், அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டிய தமிழாசிரியரின் மாமனார் இறந்துவிட்டார், உடனே ஆள் கிடைக்கவில்லை, நீங்கள் வாருங்கள் என்றார். அந்தப் பாடத்தை நடத்தியவரே எழுத்தராக உட்காரக் கூடாது என்பது விதி. அதைச் சொன்னேன். "யாரு கேக்கப் போறாங்க சார்? தமிழ்னு சொல்லிடுங்க. நீங்க சொல்லியா குடுக்கப் போறீங்க?" என்றார். போனேன். அழைப்பு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி என்பதையும் எழுதிவிட வேண்டும். ஓய்வுக்குப் பின் என்னை யாரும் பள்ளிக்குக் கூப்பிட்டதில்லை.

பள்ளி வாசலில் ஆட்டோ ஒன்று நின்றது. ஓட்டிவந்தவரின் தோளைப் பிடித்தபடி அந்தப் பெண்மணி இறங்கினார். முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்காது. சர்க்கரை நோயில் பார்வை போய், வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தது. கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் ஓட்டுநராக இருந்து மாரடைப்பில் போய்விட்டவர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் அதே அலுவலகத்தில் கருணை அடிப்படையில் வேலை, தொலைபேசி எடுக்கிற இடத்திலாவது உட்கார வைக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கெடு அந்த ஆண்டின் கடைசியில் முடிகிறது. மற்றப் பாடங்கள் பள்ளிக் காலத்திலேயே தேறியவை. இது ஒன்றுதான் பாக்கி. இந்தத் தேர்வை விட்டால் கெடுவுக்குள் வேறு தேர்வு இல்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஆட்டோக்காரர். அந்த அம்மாளுடைய அக்காவின் கணவர். கே.ஜி.கண்டிகையில் அவர்கள் வீட்டில்தான் இந்த அம்மாள் இருந்தார். அவரைப் பாவா என்று கூப்பிட்டார்.

"சார் இன்னா சப்ஜெக்ட்டு?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"தமிழ்" என்றேன்.

"அப்ப சரிங்க சார். தமிழ் வாத்தியாருன்னா படிக்கிறதுல தப்பு வராது."

புத்தகம் முழுவதையும் அவர்தான் போனில் வாசித்துப் பதிவு செய்து கொடுத்திருந்தாராம். சவாரி இல்லாத நேரத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஆட்டோவை நிறுத்தி, இரண்டு பக்கமும் திரையை இழுத்துவிட்டு வாசிப்பாராம். "நான் ஒம்பதாவது பெயிலு சார். எது வேணும் எது வேணான்னு நமக்கு இன்னா தெரியும்? அட்டையில இருந்து அட்டை வரைக்கும் படிச்சி வச்சிட்டேன். விற்பனைக்கு அன்றுன்னு போட்டுகீதே, அதையும் படிச்சிகீறேன்" என்று சிரித்தார்.

அந்த அம்மாளும் சிரித்தார். "பாவா படிச்சா ஆட்டோ மலை ஏர்றாப்ல இருக்கும் சார். மூச்சு வாங்கும், நிக்கும். ஆனா உச்சி வரைக்கும் ஏறிடும்."

அந்தப் பதிவில் ஒவ்வொரு பாடத்தின் கேள்விகளும் கடைசிச் சொல்வரை இருந்திருக்கின்றன. காரணம் கூறுக என்று கேட்டால் ஒரு விதமாகவும், விவரி என்று கேட்டால் வேறு விதமாகவும் பதில் சொல்ல அவர் தானாகவே பழகியிருந்தார். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று எனக்குத் தோன்றியது, பாவம், மூன்று வரி சொல்லிவிட்டு நிறுத்திவிடப் போகிறார், என்னால் முடிந்த அளவு நிறையச் சொல்ல வைக்க வேண்டும் என்பதுதான்.

எங்களுக்குத் தனி அறை. ஜன்னலுக்கு வெளியே மலை. கீழே மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குடும்பங்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு போயின. மூலையில் இளம் ஆசிரியை ஒருவர் கண்காணிப்பாளராக உட்கார்ந்திருந்தார். மற்றவர்களை விட ஒரு மணி நேரம் கூடுதலாக எங்களுக்கு உண்டு.

ஒரு மதிப்பெண் கேள்விகளைச் சட்டென்று முடித்தார். வரலாறும் நன்றாகவே போயிற்று. புவியியல் வந்ததும் நான் வீட்டுக்குத் திரும்பியவன் போல ஆகிவிட்டேன். குரல் மாறியது எனக்கே கேட்டது. வகுப்பில் நிற்பவனாக வாசித்தேன்.

"கரிசல் மண், பருத்தி விளைச்சல்" என்றேன்.

அவர் தலையைச் சற்று சாய்த்துக் காத்திருந்தார். பிறகு, "கடைசியா இன்னா கேட்டுகிறாங்க சார்?" என்றார்.

"அதைப் பத்திதான் கேட்டிருக்காங்க. தெரிஞ்சதெல்லாம் சொல்லும்மா. நான் எழுதிக்கிறேன்."

சொன்னார். மண் எங்கெங்கே இருக்கிறது, எப்படி உண்டாகிறது, என்ன நிறம், பருத்தி எந்தெந்த மாநிலத்தில் விளைகிறது. நான் வரிசையாக எழுதினேன். பாதியில் நிறுத்தி, "ரெண்டு மார்க்குக்கு இவ்ளோ வேணுமா சார்?" என்றார். "குறையா இருந்தாதான் கஷ்டம். சொல்லு" என்றேன். என் பிள்ளைகளிடம் சொன்ன அதே வார்த்தை.

தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று என்று அடுத்ததைப் படித்தேன். இரண்டையும் தனித்தனியாக முழுதும் சொன்னார். தாளில் இரண்டு கட்டுரைகள் வந்தன. தமிழ்நாட்டின் பல்நோக்குத் திட்டம் ஒன்றைப் பற்றிய கேள்விக்கும் அப்படியே. அவர் இன்னொரு முறையும் கடைசிச் சொல்லைக் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருப்பார். எங்கள் பக்கத்து மனிதர்கள் வாத்தியாரிடம் மூன்றாம் முறை கேட்பதில்லை.

எல்லாம் முடிந்தபோது கூடுதல் நேரத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். நான் கேள்வி எண்கள் சரியாக இருக்கின்றனவா என்று விடைத்தாளைக் கேள்வித்தாளோடு ஒப்பிட்டுக்கொண்டு வந்தேன். அப்போதுதான் என் கண் வரியின் கடைசிக்குப் போனது. காரணம் கூறுக. அடுத்தது. வேறுபடுத்துக. அதற்கடுத்தது. மதிப்பிடுக.

ஒன்றையும் நான் படிக்கவில்லை.

செய்ய வேண்டியது மிக எளிது. "அம்மா, இந்த மூணு கேள்வியையும் இன்னொரு தரம் முழுசாப் படிக்கிறேன், கேளுங்க" என்று சொன்னால் போதும். கேள்வியை முழுமையாகப் படிப்பது எழுத்தரின் கடமை. அதைச் செய்வதில் எந்த விதியும் மீறப்படாது. நேரமும் இருந்தது. குறைந்தது கரிசல் மண்ணுக்காவது நேரம் இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சில நிமிடங்களில் எனக்கு நானே சொல்லிக்கொண்டவை நினைவிருக்கின்றன. இப்போது பதிலை மாற்றினால் கண்காணிப்பாளர் சந்தேகப்படுவார். நான் யார் என்று விசாரித்தால் புவியியல் ஆசிரியர் என்பது வெளியே வரும். தெருக்காரருக்கு ஆபத்து. எப்படியும் இவ்வளவு எழுதியிருக்கிறது, திருத்துகிறவர் ஏதாவது போடுவார். எல்லாமே நம்பத்தக்க காரணங்கள். ஆனால் அவற்றுக்கு அடியில் இருந்தது வேறு. அவர் இரண்டு முறை கேட்டிருக்கிறார், நான் இரண்டு முறையும் தட்டிவிட்டேன். இப்போது படித்தால் அது அவருக்குத் தெரிந்துவிடும். மூலையில் உட்கார்ந்திருக்கும் இளம் ஆசிரியைக்கும் தெரிந்துவிடும். சால்வை போர்த்தப்பட்ட ஒருவன் கேள்வியைப் படிக்கத் தெரியாதவன் என்று இரண்டு பெண்களுக்குத் தெரிவதை என்னால் தாங்க முடியவில்லை.

மணி அடித்தது. விடைத்தாளைக் கொடுத்தேன். கேள்வித்தாளை மடித்து அவர் கையில் வைத்தேன். "ரொம்ப நன்றிங்க சார். கை நொந்துகினு இருக்கும் உங்களுக்கு" என்றார்.

முடிவு வந்தபோது தெருக்காரர்தான் சொன்னார். முப்பத்து மூன்று. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். "ரெண்டு மார்க்ல போச்சாம் சார், பாவம்" என்றார். அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நானும் பாவம் என்றேன்.

இரண்டொரு நாளில் ஆட்டோக்காரர் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசற்படியிலேயே நின்றார். கையில் அந்தக் கேள்வித்தாள். வீட்டில் அதை அவர் வாசித்துக் காட்டியிருக்கிறார். வழக்கம்போல முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அது சொல்லுது, நான் கேட்ட கேள்வி இதில்ல பாவான்னு. கடைசில இருக்கிறது எதுவும் காதுல உழலன்னுது. நீங்க ஒருவேள..." என்று இழுத்தார். வாத்தியாரிடம் அதற்கு மேல் சொல்ல அவருக்குக் கூச்சம்.

அப்போதும் ஒரு வழி இருந்தது என்று நினைக்கிறேன். தவறு என்னுடையது என்று தேர்வுத் துறைக்கு உடனே எழுதிக் கொடுத்திருக்கலாம். அவர்கள் மறுத்திருக்கலாம், மறுப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைக் காட்டிக் கொஞ்சம் கெடு கேட்டிருக்க முடியும். மறுப்பதற்கான வாய்ப்பைக்கூட நான் அவர்களுக்குத் தரவில்லை.

"நான் எல்லாத்தையும் முழுசாத்தான் படிச்சேன்" என்றேன். "பரீட்சைப் பதட்டம். அவங்க காதுல சரியா விழாம போயிருக்கும்."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன வேகத்தில், இது நல்ல பதில், இதற்கு மேல் கேட்க மாட்டார் என்ற திருப்தி உள்ளே எழுந்தது. அவரும் கேட்கவில்லை. "ஆங், அப்படித்தான் இருக்கும் சார்" என்று சொல்லி, கேள்வித்தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

கண் போனவருக்கு மிச்சமிருந்தது காது. அதன் மேல் பழியைப் போட்டேன்.

ஆண்டு முடிந்தது. கெடுவும் முடிந்தது. அதைக் கணக்கு வைத்துக் காத்திருந்தேன் என்று சொன்னால் கொடுமையாக இருக்கும். ஆனால் டிசம்பர் போன பிறகு எனக்கு மூச்சு சற்று எளிதாக வந்தது என்பது உண்மை. இனி எதுவும் செய்ய முடியாது, ஆகையால் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பது போன்ற ஒரு நிம்மதி.

பொங்கல் கழிந்து ஒருநாள் அரக்கோணம் போவதற்காகப் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துவிட்டு அவராகவே வந்தார். கோபம் எதுவும் இல்லை. மார்ச் தேர்வுக்குப் பணம் கட்டியாகிவிட்டதா என்று கேட்டேன். வேலை போனாலும் படிப்பை முடித்துவைக்கலாமே என்றேன்.

"கட்டல சார். அதுக்கு இப்ப காது மேல நம்பிக்க இல்ல. நான் எதுனா சொன்னா திருப்பிச் சொல்லு பாவான்னு ரெண்டு தபா கேக்குது. திருவள்ளூர் இட்டுகினு போயி காது டாக்டரண்ட காட்னோம். மிஷின் வச்சிப் பாத்துட்டு நல்லாத்தான்மா கேக்குதுன்னாரு. அது நம்ப மாட்டேன்னுது. சார் பொய்யா சொல்வாருன்னுது."

அரக்கோணம் பஸ் வந்து போயிற்று. நான் ஏறவில்லை.

மறுநாள் கே.ஜி.கண்டிகைக்குப் போனேன். சாலையோரம் டீக்கடையில் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். அக்கா நாற்று நடப் போயிருந்தார். ஆட்டோக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அந்த அம்மாள் பாயில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டதும் எழுந்து நின்றார்.

"உக்காரும்மா. ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். உங்க காதுல ஒண்ணும் இல்ல. நான்தான் கடைசி வார்த்தையைப் படிக்கல. மூணு கேள்வியிலும் படிக்கல."

ஆட்டோக்காரர் கையில் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார். நான் வேகமாகப் பேசத் தொடங்கினேன். முப்பது வருடப் பழக்கம், மினிமம் மெட்டீரியல், தேர்ச்சி விகிதம், மாவட்டக் கூட்டம், நிறையச் சொன்னால் நல்லது என்று நினைத்தது, கண்காணிப்பாளர், தெருக்காரருக்கு வரக்கூடிய ஆபத்து. எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாக, குறிப்புக் குறிப்பாக.

அவர் கையைச் சற்று உயர்த்தினார்.

"காரணம் கேக்கல சார். அன்னிக்கு இன்னா படிச்சீங்க, அத மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். "கரிசல் மண், பருத்தி விளைச்சல்னு படிச்சேன்."

"தாள்ல இன்னா இருந்திச்சி?"

"கரிசல் மண்ணில் பருத்தி நன்கு விளைகிறது, காரணம் கூறுக."

"நான் கேட்டேன் இல்ல?"

"கேட்டீங்க. ரெண்டு தரம் கேட்டீங்க."

"எனுக்கு ஞாபகம் கீது சார். கேட்டேன்னு ஞாபகம் கீது. அப்புறம் நீங்க முழுசா படிச்சேன்னு சொன்னதால, கேக்கவே இல்லியோன்னு நெனச்சிட்டேன்."

ஆட்டோக்காரர் எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். இதுவரை என்னிடம் மரியாதை குறையாமல் பேசியவர் அவர். இப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"தமிழ் வாத்தியாருன்னு சொன்னீங்களே சார்."

"அதுவும் பொய். நான் அந்தப் பாடத்தைத்தான் நடத்தினவன்."

"அத சொல்லுங்க. நானும் தமிழ் வாத்தியாருக்கே தமிழ் படிக்க வரலியோன்னு பாத்தேன்" என்றார். சிரிக்கவில்லை. "ஒம்பதாவது பெயிலானவன் படிச்சதே மேல்."

"சும்மா இரு பாவா" என்றார் அந்த அம்மாள். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் இருந்த இடத்துக்குச் சற்று வலப்புறமாக. "அந்த மண்ணு தண்ணிய உள்ளயே புடிச்சி வச்சிக்கும். மழ நின்னப்புறம்கூட ரொம்ப நாளைக்கு ஈரம் இருக்கும். பருத்திக்கு அதான் வேணும். அதானே சார் காரணம்?"

"ஆமாம்மா. அதுதான்."

"அதுக்கு எவ்ளோ மார்க்கு?"

அவருக்குத் தெரியும். அன்று தேர்வறையில் அவரே சொன்னதுதான். இருந்தாலும் என் வாயால் கேட்க விரும்பினார்.

"ரெண்டு."

அவர் தலையசைத்தார். உரித்த பூண்டுகளை விரலால் தடவி ஒன்று சேர்த்தார். மற்ற இரண்டு கேள்விகளையும் படிக்கட்டுமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "வேணாங்க சார்" என்றார். "அது தெரிஞ்சி இன்னா பண்றது?"

நான் எழுதித் தருகிறேன், துறைக்கும் அலுவலகத்துக்கும் எழுதுகிறேன் என்றேன். உங்கள் இஷ்டம் என்றார். எழுதினேன். என் பெயர், நான் நடத்திய பாடம், அன்று செய்தது, பிறகு மறைத்தது எல்லாவற்றையும் கையெழுத்திட்டு அனுப்பினேன். தெருக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அனுப்பினேன். அதன் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. அவர் பேசாதது நியாயம். அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. துறையிலிருந்து எனக்குப் பதில் இல்லை. அலுவலகத்திலிருந்து வந்தது. காலக்கெடு முடிந்த நிலையில் கோரிக்கை பரிசீலிக்க இயலாதது என்று இரண்டு வரி. கேட்டதற்கு நேரான பதில். அதில் ஒரு சொல்கூடக் கூடுதலாக இல்லை.

இதை எழுதும்போது ஒன்றைக் கவனிக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எழுதியதைத் திருப்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் காரணங்களாக இருக்கின்றன. தேர்ச்சி விகிதம், பழக்கம், பயம். கேட்காததற்குப் பக்கம் பக்கமாக எழுதும் வியாதி எனக்குப் போகவில்லை. பிள்ளைகளுக்கு நான் கொடுத்ததே அந்த வியாதியைத்தான். அவர்களில் எத்தனை பேர் எங்கெங்கே இப்படி விழுந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தேறியவர்களின் பெயர்ப் பட்டியலைத்தான் பள்ளியில் ஒட்டுவோம்.

மறு ஆடியில், காவடிக் கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்த நாளில், ஆட்டோக்காரரை மீண்டும் பார்த்தேன். வேறு ஆட்டோ கிடைக்கவில்லை. அவரும் என்னை ஏற்றிக்கொள்ள மறுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மாள் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இருந்த வெளிச்சமும் போய்விட்டது என்றார். அம்மையார்குப்பத்தில் ஒரு தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலைக்குக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்களாம். விசைத்தறிச் சத்தத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காமல் பயந்து திரும்பி வந்துவிட்டாராம். இப்போது வீட்டிலேயே இருக்கிறார்.

பாடங்களைக் கேட்கிறாரா என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு முன்னால் போன காவடிக் கூட்டத்துக்கு ஹாரன் அடித்தார்.

"போன்ல எடமில்ல சார். அழிச்சிடு பாவான்னு அதுவே சொல்லிச்சி. அழிச்சிட்டேன்."

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கினேன்.